தமயந்தி வந்திருந்த ஓணம்

ஆகஸ்ட் 10

சேனைக்கிழங்கு ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். சுமை தூக்கும் முத்தையன் ஓடிவந்து, "அக்கா, ஒரு பொம்பள போலீசு வந்து நிக்குது" என்றான். எட்டிப் பார்த்தால் போலீஸ் இல்லை, என் தங்கச்சி தமயந்தி. பேண்ட்டு, சட்டை, கத்தரித்த முடி, தோளில் பச்சைப் பை. ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல். சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கேரளாவுக்குக் காய் ஏறுகிற ஓணம் சீசனில் ஒரு தடவைகூட ஊருக்கு வந்தவள் இல்லை.

"என்னடி, சொல்லாம கொள்ளாம?"

"லீவு இருந்துச்சு. வந்தேன்."

"எத்தன நாளு?"

"ரெண்டு மாசம்."

திரும்பி ஏலத்தைத் தொடர்ந்தேன். நல்ல கிழங்கு. கேட்ட முதல் விலைக்கே விட்டுவிட்டேன். கணக்குப்பிள்ளை மயில்சாமி என்னைப் பார்த்த பார்வையிலிருந்துதான் அது தெரிந்தது.

ஆகஸ்ட் 11

மத்தியானம் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். கர்னல் பதவி வந்திருக்கிறதாம். அருணாசலப் பிரதேசத்துப் பக்கம் ஒரு பட்டாலியனையே இவள் கையில் கொடுக்கிறார்கள். சண்டை போடும் படை இல்லை. மலை மேலிருக்கும் முகாம்களுக்கு அரிசி, காய்கறி, எண்ணெய், மருந்து எல்லாம் லாரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் படை. நவம்பரில் போய்ப் பொறுப்பு எடுக்க வேண்டும். சம்மதமா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

"நீ என்னக்கா சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல? உன் வேல, உன் இஷ்டம். ரசம் ஊத்தட்டுமா?"

இங்கே உள்ளதை எழுதிவிடுகிறேன். அவள் இங்கேயே இருக்க வேண்டும். எனக்கு ஐம்பத்து நாலு வயது. வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. மார்க்கெட்டில் சிந்திய காயைப் பொறுக்கி, கூறு கட்டி விற்று ஆரம்பித்தவள் நான். இன்றைக்கு ஒட்டன்சத்திரத்தில் பழனாத்தாள் மண்டி என்றால் பாலக்காடு வரைக்கும் தெரியும். எனக்குப் பிறகு இந்த மேஜையில் யார் உட்காருவது? இவளைத் தவிர ஒருத்தரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனால் வாயைத் திறந்து கேட்கமாட்டேன். இத்தனை வருஷ வியாபாரத்தில் நான் கற்ற ஒரே பாடம், வேண்டிய சரக்கைக் கையால் தொடக்கூடாது. பக்கத்துச் சரக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும், கொட்டாவி விட வேண்டும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்போது விற்கிறவன் தானாகக் கூப்பிடுவான். தமயந்தியும் கூப்பிடட்டும்.

ஆகஸ்ட் 13

செருப்பு இறுக்குகிறது. கால் வீக்கம். ஊறுகாயைக் குறைக்க வேண்டும்.

மாடி ஆபீசுக்கு ஏறி இறங்குவது நேர விரயம் என்று கீழேயே மேஜை போடச் சொல்லிவிட்டேன். கீழே காற்றோட்டமாகவும் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

மகாராணி இன்று மண்டியில் இறங்கிவிட்டாள். நான் கூப்பிடவில்லை. கேரளா லாரிகள் வழக்கம்போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகிக்கொண்டு ஹாரன் அடித்தபடி நின்றன. சாயங்காலமானால் தினமும் இதுதான் கூத்து. தமயந்தி டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் போய் நடுவில் நின்றாள். சத்தம் போடவில்லை. ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் போய், எந்த ஊர், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் கேட்டாள். தூரத்து வண்டி முன்னால், பக்கத்து வண்டி பின்னால். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டாள். எப்போதும் இருட்டின பிறகு முடிகிற லோடு வெளிச்சத்திலேயே முடிந்தது.

திருச்சூர் வண்டிக்காரன் ஒருத்தன் கோட்டைத் தாண்டி வந்துவிட்டு, "நீ ஆருடீ சொல்றதுக்கு?" என்றான். அவள் சிரித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்து, "அண்ணே, பின்சக்கரம் உள்டயர் காத்து இல்லாம ஓட்டிட்டு வந்திருக்கீங்க. மலைப்பாதைல இறங்கறப்ப எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள். அவன் குனிந்து பார்த்தான். பிறகு சத்தம் போடாமல் வரிசையில் போய் நின்றான். முத்தையனும் மற்ற சுமைகாரர்களும் அவளுக்கு 'மிலிட்டரி அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எனக்குள் பூரிப்பாகத்தான் இருந்தது. "டீசல் புகையில நிக்காத, மூஞ்சி கருத்துரும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஒரு தகராறும் உண்டு. தக்காளிப் பெட்டிக்குக் கழிவு பிடிப்பது மார்க்கெட் முழுக்க உள்ள வழக்கம். அழுகல் இருக்கும் என்று முன்கூட்டியே எடையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். இவள் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, "இதுல அழுகலே இல்லையே, எதுக்குப் பிடிக்கற?" என்கிறாள். அதுவும் தோட்டக்காரன் எதிரிலேயே.

"நீ இங்க லீவுல வந்திருக்க" என்றேன்.

"ஆமா, லீவுலதான்" என்றாள்.

அந்தப் பதிலைப் பத்துத் தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 16

மார்க்கெட் லீவு.

"பழனிக்குப் போலாமா? படியேறி ரொம்ப வருஷமாச்சு" என்றாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். லீவு நாளில் என்ன வேலை என்றாள். சாக்கு தைக்க வேண்டும் என்றேன். சாக்கு தைக்க ஆள் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

"மெதுவா ஏறலாங்க்கா. நின்னு நின்னு."

"எனக்கென்ன வயசா போச்சு? நின்னு நின்னு ஏறறதுக்கு?"

மாடு வாங்க வந்தவன் பல்லைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். நான் உள்ளே போய் உளுந்து ஊறப்போட்டேன்.

ஆகஸ்ட் 18

முருங்கைக்காய் வரத்து குறைவு. கள்ளிமந்தையம் தோட்டக்காரர் நல்ல திரட்சியான காயாகக் கொண்டுவந்தார். எனக்கு அது கட்டாயம் வேண்டும். அதனால் அவரிடம் அவர் மகள் கல்யாணத்தைப் பற்றியே பேசினேன். எதிர்க்கடையை அவர் திரும்பிப் பார்த்ததும், "அங்கயும் ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்றேன். போய்விட்டுத் திரும்பி வந்தார். நான் சொன்ன விலைக்கே போட்டார்.

கை இன்னும் மழுங்கவில்லை. ஆனால் தமயந்தி விஷயத்தில் ஒரு வாரமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் கூப்பிடக் காணோம்.

ஆகஸ்ட் 19

டீ நேரத்தில் முத்தையன் கேட்டான். "மிலிட்டரி அக்கா, நீங்க துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?"

"சுட்டிருக்கேன். ஆனா அதவிட அதிகமா உருளக்கிழங்கு எண்ணியிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட இவ்வளவு பேசியதில்லை.

முதல் போஸ்டிங்கில் இவளுக்கு இருபத்து மூணு வயது. கீழே ஐம்பது டிரைவர்கள். பாதிப் பேருக்கு எங்கப்பா வயது. ஒரு சுபேதார் தினமும் சல்யூட் அடித்துவிட்டு, இவள் சொன்னதை மட்டும் செய்யமாட்டாராம். இவள் கோபப்படவில்லை. ஒரு மாதம் அவர்களோடு வண்டிக்கடியில் படுத்து என்ஜின் வேலை கற்றுக்கொண்டாள். அதற்கு அடுத்த மாதம் அந்த சுபேதாரே மற்றவர்களிடம், "மேடம் சொன்னா சொன்னதுதான்" என்றாராம்.

பதினாலு வருஷம் முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு இவளும் தங்கினாள். அந்தச் சமயம் எனக்குப் போன் செய்து, "அக்கா, அனுப்பிருவாங்க போல இருக்கு" என்றது ஞாபகம் இருக்கிறது. "அனுப்பினா வா, மண்டி இருக்கு" என்றேன். அவள் உடனே பேச்சை மாற்றிவிட்டாள்.

கட்டிக்கொண்டவனும் பட்டாளத்துக்காரன்தான். அவனுக்கு மேற்கே, இவளுக்கு வடக்கே என்று போஸ்டிங். நாலு வருஷத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட இருவரும் ஒரே ஊரில் இருந்தால்தானே.

காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது எதற்குடி என்று கேட்டேன். "பரேடு முடிஞ்சா பூரியும் முட்டையும் தர்றாங்க" என்றாள். பூரிக்குப் போனவள் இவ்வளவு தூரம் போவாள் என்று யார் கண்டது.

பிறகு மயில்சாமி, "குளிர்காலத்துல மேல எப்படி அம்மிணி சாமான் போவும்?" என்றான். போகாது என்றாள். பனி விழுந்தால் பாதை மூடிவிடும். அதற்குள் ஆறு மாதச் சாப்பாடு மேலே ஏறிவிட வேண்டும். எந்த முகாமில் எத்தனை பேர், எது கெடும், எது உறையும், எந்த வளைவில் எத்தனை டன் தாங்கும், எல்லாம் கோடையிலேயே கணக்குப் போட்டு ஏற்ற வேண்டும். ஒரு முகாமுக்கு உப்பு விட்டுப்போனால் வசந்தம் வரைக்கும் அவர்களுக்கு உப்பு இல்லை.

சொல்லச் சொல்ல அவள் கை மேஜை மேல் பாதை போட்டது. கத்தரிக்காய் முகாம், வெங்காயம் பாலம். நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சம்பளத்துக்கு உத்தியோகம் பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். இவள் என் தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், என்னைவிடப் பெரிதாக. நான் ஓணத்துக்கு ஒரு வாரம் தலைகால் புரியாமல் ஓடுகிறேன். இவளுக்கு வருஷம் முழுக்க ஓணம்.

ஆகஸ்ட் 21

கோயம்புத்தூரில் ஒரு வேலை. மயில்சாமி கார் ஓட்டினான். பிளாஸ்டிக் பெட்டி கம்பெனியைப் பார்க்கப் போவதாகத் தமயந்தியிடம் சொன்னேன்.

டாக்டர் சொன்னதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஓணம் முடியட்டும் என்றேன். "உங்க சீசனுக்காக அது காத்திருக்காதும்மா" என்றார். வியாபாரம் தெரியாத மனுஷர்.

திரும்பி வரும்போது மயில்சாமி ரோட்டையே பார்த்து ஓட்டினான். தாராபுரம் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தூசி" என்றான். கார் கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 23

தூக்கம் பிடிக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டு தலையணை வைத்துப் பார்த்தேன். சாய்வு நாற்காலி பரவாயில்லை.

மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

ஆகஸ்ட் 24

சரக்கு அசையாவிட்டால் வியாபாரத்தில் இன்னொரு வழி உண்டு. வேறு ஆள் கேட்கிறான் என்று காதில் போடுவது. இன்று சாப்பாட்டு நேரத்தில் பொதுவாகச் சொல்வதுபோல் மயில்சாமியிடம் சொன்னேன்.

"எதிர்க்கட ரத்தினசபாபதி நம்ம மண்டியக் குத்தகைக்குக் கேக்கறாரு. பேசாம குடுத்துட்டு உக்காந்துரலாம்னு பாக்கறேன்."

ரத்தினசபாபதி கேட்கவே இல்லை. மயில்சாமிக்கும் அது தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

'ஐயையோ, எதுக்குக்கா, நான் பாத்துக்கறேன்' என்று தமயந்தி சொல்ல வேண்டும். அதுதான் என் கணக்கு.

அவள் மோரை ஊற்றிக்கொண்டாள். "நல்ல யோசனைக்கா. குடுத்துரு. உனக்கும் ஓய்வு வேணும்."

என் மேஜை, என் தராசு, முப்பது வருஷம். குடுத்துரு என்கிறாள்.

சாயங்காலம் லோடு ஏற்றும்போது முத்தையனைக் காரணம் இல்லாமல் திட்டினேன். எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆகஸ்ட் 25

எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் லாரிகள் கிளம்பிய பிறகு மயில்சாமி ஷட்டரை இறக்கப் போனான். "இருங்கண்ணே" என்று தமயந்தி தடுத்தாள். என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ரிப்போர்ட் எங்க?"

"என்ன ரிப்போர்ட்டு?"

"உனக்கு மூச்சு வாங்குதுன்னு மயில்சாமியண்ணன் ஜூலையிலயே எனக்குப் போன் பண்ணிட்டாரு. அதனாலதான் லீவு போட்டேன். நீயா சொல்லுவேன்னு ரெண்டு வாரம் பாத்தாச்சு."

மயில்சாமி தரையைப் பார்த்தான். "என்ன வேணா திட்டிக்குங்க்கா. என்னால முடியல" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கேஸ் ட்ரபிள்."

"என்கிட்ட அம்பது பேரு வந்து கேஸ் ட்ரபிள்னு சொல்லியிருக்காங்க. அதுல மூணு பேருக்கு அது கேஸ் ட்ரபிள் இல்ல, நெஞ்சு. உன் நெஞ்சு எத்தன சதவீதம் வேல செய்யுதுன்னு டாக்டர் சொன்னாரு?"

எனக்கு வாய் வரவில்லை. பிடிவாதம் இல்லை. அந்த எண்ணை வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து போனாள். முத்தையன் கொடியில் காயப்போட்டிருந்த துண்டை எடுத்து வந்தாள். என் வலது கையைப் பிடித்து, இருவர் கை மேலும் துண்டைப் போட்டு மூடினாள்.

எங்கப்பா மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, பிடிக்கிற இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சந்தைக்குப் போய் நாங்கள் இருவரும் அதைக் கற்றிருந்தோம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அது என்றைக்கும் உதவாது என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

"வாயில சொல்ல வேண்டாம்" என்றாள். "பிடி."

அவளுடைய மூன்று விரலைப் பிடித்தேன். விட்டேன். பிறகு ஐந்தையும் சேர்த்துப் பிடித்தேன்.

"முப்பத்தஞ்சு" என்றாள். "நல்ல நெஞ்சுக்கு அறுபது இருக்கணும்."

தலையை ஆட்டினேன்.

"வால்வு மாத்தணுமா?"

அவள் சுண்டுவிரலை ஒரு தடவை அழுத்தினேன்.

கையை எடுக்கவில்லை. துண்டுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மயில்சாமி வெளியே போய் மூக்கைச் சிந்தினான். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்.

"சரி. வேண்டாம்னு எழுதிடறேன். நான் இங்கயே இருந்துக்கறேன்."

எந்த வார்த்தைக்காகப் பதினைந்து நாள் கொட்டாவி விட்டேனோ அந்த வார்த்தை. காதில் விழுந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 26

அவசரத்துக்கு விற்கிறவனிடம் வாங்கிய சரக்கு என் கையில் தங்கியதே இல்லை. வீட்டில் சாவு, மருத்துவச் செலவு என்று அடிமாட்டு விலைக்கு விற்க வருவார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் சோறு இறங்காது.

காலையில் அவளுக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பட்டாலியனில் இப்போது பொறுப்பில் இருப்பவர். மேடம் வரப்போகிறார் என்றே நினைத்துப் பேசுகிறார். நான் தக்காளி தரம் பிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியில் பேச்சு, எனக்குப் பாதி புரியும். பாலம் ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டதாம். இவள் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கிழித்து, பேனாவால் மலைப்பாதை போட ஆரம்பித்தாள். முழு லோடு வண்டியைச் சுற்றுப்பாதையில் விடாதீர்கள், பாதி பாதி லோடாக இரண்டு நடை அடியுங்கள் என்கிறாள். வராத இடத்துக்கு எதற்கு இவ்வளவு யோசனை?

முப்பது வருஷமாக முகம் பார்த்துப் பிழைக்கிறவள் நான். வேண்டாம் என்று உதடு சொல்லும்போதே கண் சரக்கைத் தொட்டுவிட்டவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்.

போனை வைத்ததும் கேட்டேன்.

"உனக்கு அது வேணுமாடி?"

"அதான் வேண்டாம்னு எழுதப் போறேனே."

"நான் கேட்டது அது இல்ல."

அட்டையைத் திருப்பி வைத்தாள். "வேணும்க்கா" என்றாள். "ரொம்ப வேணும். எங்க செட்டுல எத்தனையோ பேரு பாதியிலயே போயிட்டாங்க. நான் நின்னதே இதுக்குத்தான்."

"அப்ப போ."

"உன்ன இப்படி விட்டுட்டா?"

"எனக்கென்ன, மயில்சாமி இருக்கான்."

சட்டென்று அவள் குரல் மாறிவிட்டது. அந்த ஐம்பது டிரைவர்களும் கேட்டது இந்தக் குரலாகத்தான் இருக்கும். "சரி, வெலை பேசிக்கலாம். நாளன்னைக்கே நீ வந்து ஆஸ்பத்திரியில படுத்தீன்னா, சம்மதம்னு எழுதறேன். லீவ நீட்டிக் கேட்டு, நீ எந்திரிச்சு நடக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன். ஓணம் முடியட்டும், தீபாவளி முடியட்டும்னு இழுத்தா, வேண்டாம்னு எழுதிட்டு இங்கயே உக்காந்துக்கறேன். ரெண்டுல ஒண்ணு. நாளைக்குச் சொல்லு."

ஆகஸ்ட் 27

இழுத்தால் அவள் இங்கே. படுத்தால் அவள் அங்கே.

நோயை வைத்துக்கொண்டால் தங்கச்சி மிச்சம். இப்படியும் ஒருத்தி யோசிப்பாளா என்றால், யோசித்தேன். காலையிலிருந்து அதையேதான் யோசித்தேன். ஓணம் ஒரு சாக்கு. பிறகு ஐப்பசி முகூர்த்தம் ஒரு சாக்கு. ஆறு மாதம் இழுத்தால் போதும், அந்தப் பதவியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அப்புறம் இவள் எங்கே போவாள்? இந்த மேஜைதான்.

மத்தியானம் அவள் தராசுப் பக்கம் உட்கார்ந்து சுரைக்காய் எடை குறித்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் குறித்தாள். பத்து வருஷம் கழித்து அதே ஸ்டூலில், அதே பேனாவோடு அவளை நினைத்துப் பார்த்தேன். தலை நரைத்து, கழிவுக்குச் சண்டை போடுவதைக்கூட விட்டுவிட்டு.

பாலக்காட்டு ஏஜென்ட் குஞ்ஞுமோனுக்குப் போன் போட்டேன்.

"குஞ்ஞுமோனே, நாளையிலருந்து என் லோடு பாதிதான் வரும். மிச்சத்துக்கு வேற மண்டி பாத்துக்கோ."

"எந்தா சேச்சி இது? ஓணத்துக்கு ஒரு வாரம் கூட இல்ல! சேச்சிக்கு என்ன ஆச்சு?"

"நெஞ்சுல ஆபரேஷன்."

சொல்லிவிட்டேன். முதல் தடவையாக வாயால் சொன்னேன், அதுவும் விலை பேரம் பேசுகிற ஆளிடம். இனி மார்க்கெட் பூராவும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

அவன் பக்கத்தில் இருந்தவர்களை அதட்டிச் சத்தத்தை அடக்கினான். பிறகு, "மண்டி மாறமாட்டேன் சேச்சி. மயில்சாமி என்ன அனுப்பினாலும் மதி, அது போதும்" என்றான். இத்தனை வருஷத்தில் பேரம் பேசாமல் அவன் போனை வைத்தது இன்றைக்குத்தான்.

தமயந்தியிடம் போய், "பையில என்னென்ன எடுத்து வெக்கணும்?" என்றேன்.

எடை குறிப்பதை நிறுத்தவில்லை அவள். அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

ஆகஸ்ட் 28

கோயம்புத்தூர். ஆஸ்பத்திரிக் கட்டில்.

வராந்தாவில் நின்று மடிக்கணினியில் எழுதி அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். நாலே வரி.

"இதுல சம்மதம்ங்கறது எங்க இருக்கு?"

தொட்டுக் காட்டினாள். அந்த வார்த்தையை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிறகு அனுப்பச் சொன்னேன்.

நாளைக் காலை முதல் ஆள் நான்தானாம். வந்து படுத்ததிலிருந்து நிம்மதி இல்லாமல் புரண்டுகொண்டே இருக்கிறேன். பக்கத்துக் கட்டில் அம்மா, "சும்மா படுங்களேன், கட்டில் கிறீச்சுங்குது" என்று சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 8

பேனா பிடிக்கிறேன். நெஞ்சில் தையல். இருமினால் உயிர் போகிறது.

ஓணம் போய்விட்டது. மயில்சாமி பாதி லோடுகூட அனுப்பவில்லை. எதிர்க்கடைக்கு நல்ல வியாபாரம். விவரம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன், நர்சு பிடுங்கிவிட்டாள். தமயந்தியிடம் புகார் சொன்னால் அவள் நர்சு கட்சி.

செப்டம்பர் 30

வீடு. வாசலிலிருந்து கேட் வரை நடக்கிறேன். தமயந்தி பக்கத்தில் நடந்துகொண்டே எண்ணுகிறாள். "லெஃப்ட் ரைட் சொல்லிராதடி" என்றேன். மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் வருகிறாளாம்.

மண்டியில் கழிவு பிடிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவளுக்காக இல்லை. அழுகல் இல்லாத காய் எங்களிடம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 12

டாக்டர் ஐம்பத்து இரண்டு என்றார். வெளியே வந்து தமயந்தியிடம் வாயாலேயே சொன்னேன்.

அக்டோபர் 25

அவள் பெட்டி கட்டியாகிவிட்டது. எப்போதும் அதே ஒரு பச்சைப் பைதான். என்னால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முறுக்கு சுட்டு, அது கருகிப்போய், மறுபடி மாவு பிசைந்தேன். "அங்க முறுக்கு கெடைக்கும்க்கா" என்றாள். அருணாசலப் பிரதேசத்தில் எங்கேயடி கிடைக்கும் என்றேன். கிடைக்காது என்று ஒத்துக்கொண்டாள்.

அக்டோபர் 26

திண்டுக்கல் ஸ்டேஷன். மயில்சாமி காரில் கூட்டிப்போனான். நான் வர வேண்டாம் என்று அவள் சொல்ல, நான் போனேன்.

வண்டி வந்தது. பையை ஏற்றிவிட்டுப் படியில் நின்றுகொண்டாள். சுற்றிலும் எல்லாரும் எல்லாரையும் அனுப்பிவைத்துக்கொண்டிருந்தார்கள். விசில் அடித்தது.

"போயிட்டு வரட்டுமாக்கா?"

இந்தக் கேள்விக்கு யாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். பத்தொன்பது வருஷமாக நானும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். மண்டிக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

"வேண்டாம்" என்றேன்.

மயில்சாமி திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"என்னது?"

"போக வேண்டாம். என்கூடவே இரு. நீ வந்து எறங்கின நாள்லருந்து எனக்கு அதுதான் வேணும்."

வண்டி அசைந்தது. அவள் சிரித்தாள், கண் நிறைந்துவிட்டது. நான் கூடவே நடந்தேன், மெதுவாக, டாக்டர் சொன்ன வேகத்தில்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டியேடி!"

நான் கத்தியது பிளாட்பாரம் முழுக்கக் கேட்டிருக்கும். அவளுக்கும் கேட்டது. ஒரு கையை உயர்த்தினாள். வளைவு வரும் வரைக்கும் இறக்கவே இல்லை.